முதுகுவலி என்று சொல்லிவைத்தது

அந்தக் கட்டட வேலை நடந்த இடத்தில் அவரை எல்லோரும் மேலண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். உயரக் கிரேனை ஓட்டுபவர். காலையில் ஏணி ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்கு ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை, அவ்வளவுதான் அவர் கால் தரையில் படும். மழை வரும்போல இருக்கிறதே, கம்பி எப்போது மேலே போகும் என்று கீழே யாராவது கவலைப்பட்டால், "மேல இருக்கிறவர் பாத்துக்குவார்" என்பார்கள். கடவுளைச் சொல்கிறார்களா இவரைச் சொல்கிறார்களா என்று புதிதாக வந்தவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

கூண்டின் தரையும் கண்ணாடிதான். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே குனிந்து பார்த்தபடியே நாள் முழுக்கச் சுமையை ஏற்றி இறக்க வேண்டும். அதனால் முதுகுவலி வந்தபோது அவர் ஆச்சரியப்படவில்லை. கிரேன் ஓட்டுபவனுக்கு முதுகு வலிக்கவில்லை என்றால் அவன் லீவில் இருக்கிறான் என்று அர்த்தம் என்பது அவர்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் சிரிப்பு. இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். சில நாள் வலி வலது காலில் இறங்கி, கெண்டைக்கால் வரை இழுக்கும். மாத்திரை போட்டால் அடங்கும்.

இரண்டாவது வலி வந்தது அதற்குப் பிறகு. ஒரு நாள் நாற்காலியில் கூழாங்கல் ஏதோ கிடக்கிறது என்று எழுந்து தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடி உட்கார்ந்தால் மறுபடி அந்தக் கல். கொஞ்ச நாளில் அது கல்லாக இல்லாமல் கங்காக மாறியது. உட்காரும் இடத்தில் தொடங்கி, தொடைகளின் நடுவே புகுந்து, முன்பக்கம் வரை ஒரு சூடான கம்பியை யாரோ இழுப்பதுபோல. நின்றால் குறையும். படுத்தால் அநேகமாகப் போய்விடும். காலையில் எழும்போது, எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கிறதே என்று ஒரு நம்பிக்கை வரும். கூண்டில் போய் உட்கார்ந்ததும் அது செத்துவிடும்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வார்த்தை இல்லை. அந்த இடத்துக்கு அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்றுதான். ஒன்று சண்டையில் வாயில் வருவது. ஒன்று குளிப்பாட்டும்போது குழந்தைகளிடம் சொல்வது. இன்னொன்று செய்தித்தாளில் குற்றச் செய்திகளில் அச்சடிப்பது. நாற்பத்தெட்டு வயது மனிதன் தன் வலியைச் சொல்ல இந்த மூன்றில் எதை எடுப்பது? அதனால் கேட்டவர்களிடமெல்லாம் முதுகுவலி என்றே சொல்லிவைத்தார். அது கௌரவமான வலி. கை வைத்துக் காட்டலாம். நாலு பேருக்கு நடுவில் "அம்மா" என்று முனகலாம். கேட்கிறவர்களும் தங்கள் முதுகுவலியைச் சொல்லி ஆறுதல் தருவார்கள்.

வீட்டிலும் அதையே சொன்னார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாள். மெத்தை முதுகுக்கு ஆகாது என்று சொல்லி ஹாலில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்தார். உண்மையில் மனைவியின் பக்கத்தில் படுக்கத்தான் பயம். ஒரு முறை நெருங்கியபின், இரண்டு நாள் அந்தக் கங்கு யாரோ ஊதிவிட்டதுபோல எரிந்தது. அதை எப்படிச் சொல்வது? முதுகு என்றார். அவள் தைலம் தேய்த்துவிட்டாள். அடுத்த முறையும் முதுகு என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தைலப் புட்டியை மட்டும் பாயின் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே போவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. நம் ஆட்கள் வீட்டுக்கு வந்தவர்களிடம் முதலில் சொல்வதே "வாங்க, உக்காருங்க" என்பதுதான். மனைவியின் அண்ணன் புது வீடு கட்டி, உறவினர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மெத்தை தைத்த சோபா, பளபளவென்று பாலிஷ் போட்ட நாற்காலிகள்.

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க."

"இருக்கட்டும் மச்சான். வீட்டைச் சுத்திப் பாக்கிறேன்."

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குளியலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். மொட்டைமாடிக்குப் போய் வந்தார். ஒரு வீட்டை எவ்வளவு நேரம்தான் சுற்றிப் பார்ப்பது! திரும்பி வந்தபோது எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஜன்னலோரம் நின்றார்.

"அட உக்காருங்க மாப்பிள்ளை. நிக்கிறதுக்கா இவ்வளவு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கேன்?"

"முதுகு கொஞ்சம்..."

"முதுகுதானே? நல்லா சாய்ஞ்சு உக்காருங்க, சரியாயிடும்" என்று தோளைப் பிடித்து அமுக்கினார் மச்சான். அவர் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே எழுந்து, செருப்பைத் தேடுவதுபோல வாசலுக்குப் போனவர் அப்படியே தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மனைவி வந்தாள்.

"அண்ணி கேக்கிறாங்க, எங்க வீட்டு நாற்காலி உங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்கலையான்னு. நான் என்ன பதில் சொல்ல?"

"முதுகுன்னு சொல்லு."

"மொட்டைமாடி ஏறுற முதுகு, நாற்காலியில உக்காராதா?"

அவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். பஸ்ஸில் நிறைய இடம் காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்தாள். அவர் கம்பியைப் பிடித்து நின்றபடி வந்தார். இருவரும் ஆளுக்கொரு பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவள் தனியாகவே போனாள். "வரீங்களா?" என்று கேட்பதும் மெல்ல நின்றுபோனது.

மகள் விடுமுறைக்கு வந்தபோதுதான், அப்பா நின்றுகொண்டே சாப்பிடுகிறாரே என்று பிடிவாதமாக டாக்டரிடம் அனுப்பினாள். முதுகெலும்பு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கணினித் திரையில் எலும்புகளுக்கு நடுவே ஒரு வட்டு பிதுங்கி நின்றது.

"இதோ, இதுதான் கால் நரம்பை அழுத்துது. மூத்திரம் போறதுல எதுவும் சிரமம் உண்டா? கீழ்ப்பக்கம் எங்கயாவது மரத்துப்போகுதா, எரியுதா?"

கேட்டுவிட்டார். அதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. ஆனால் பக்கத்தில் மனைவி இருந்தாள். நர்ஸ் இருந்தாள். சுவரோரம் மருத்துவ மாணவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"அதெல்லாம் நல்லா இருக்குங்க டாக்டர்."

"சரி. மாத்திரை, பயிற்சியெல்லாம் பாத்தாச்சு. கால் வலி விடலைன்னா ஆபரேஷன் பண்ணிக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசிக்கவில்லை. பண்ணிக்கொள்கிறேன் என்று அங்கேயே சொன்னார். ஆபரேஷன் என்றதும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. முதுகைத் திறந்து சரிசெய்தால் கீழே இருப்பதும் சேர்ந்து சரியாகிவிடும். யாருக்கும் எதுவும் சொல்லாமலேயே எல்லாம் முடிந்துவிடும்.

செய்தி பரவியது. வழியில் போகிறவனெல்லாம் டாக்டராகிவிட்டான். "முதுகுல மட்டும் கத்தி வைக்கவே கூடாது" என்றார் கான்கிரீட் கலவைக்காரர். "எங்க மாமா பண்ணிக்கிட்டாரு, இப்போ ஓடுறாரு" என்றார் வெல்டர். "எங்கே ஓடுறாரு?" என்று கேட்டதற்கு, "கடன்காரன் வந்தா ஓடத்தானே வேணும்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். மச்சான் போன் செய்து, தனக்குத் தெரிந்த ஒருவர் ஆபரேஷனுக்குப் பிறகு படுத்த படுக்கையாகிவிட்ட கதையை விவரமாகச் சொன்னார். மனைவி மட்டும், "உங்க உடம்பு. உங்க முடிவு" என்றாள். அவள் பேச்சில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் ஒரு பிற்பகல். கம்பிக் கட்டு ஒன்றை எட்டாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். கீழே நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்பவரை எல்லோரும் ரேடியோ என்பார்கள். வாய் மூடாத மனிதர். வானிலை, கிரிக்கெட், மாமியார் என்று எல்லாம் அவர் வழியாகத்தான் கூண்டுக்கு வந்து சேரும். பல வருஷம் சேர்ந்து வேலை பார்த்தும், அந்தக் குரலைக் கேட்ட அளவுக்கு மேலண்ணன் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

சுமை பாதி வழியில் இருக்கும்போது கங்கு திடீரென்று பற்றிக்கொண்டது. இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல வந்தது. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். தலை கூரையில் இடித்தது. கை லீவரை விட்டுவிட்டதால் கிரேன் நின்றது. கம்பிக் கட்டு அந்தரத்தில் மெதுவாகச் சுழன்றது.

"அண்ணே, என்ன நிறுத்திட்டீங்க? இன்னும் நாலு மாடி இருக்கு."

மேலண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டார்.

"அண்ணே? கேக்குதா?"

"கீழ இருக்கிறவங்களை விலகச் சொல்லு. இறக்கப்போறேன்."

கூனி நின்றபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறக்கினார். கம்பி மண்ணில் படும் சத்தம் கேட்டபிறகுதான் லீவரை விட்டார். கூண்டின் தரையில் பக்கவாட்டில் சுருண்டு படுத்தார். கன்னத்துக்குக் கீழே கண்ணாடி. அதற்குக் கீழே எறும்பு மாதிரி ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே, முதுகா?"

"இல்ல."

"நெஞ்சா? ஐயோ, நெஞ்சா அண்ணே?"

"நெஞ்சு இல்லப்பா."

"அப்போ எங்கேதான் வலிக்குது?"

இந்த அலைவரிசையில் சூப்பர்வைசர் இருந்தார். வெல்டர் இருந்தார். மேலண்ணன் பேசும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். ரேடியோவுக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தாழ்த்தி, "வேற சானலுக்கு வாங்கண்ணே. கடைசி சானல். அங்க யாரும் வரமாட்டாங்க" என்றார்.

அங்கே போய் மேலண்ணன் சொன்னார். முகம் எதிரில் இல்லாததால் சொல்ல முடிந்தது. சண்டை வார்த்தையைத்தான் எடுத்தார். வேறு வழியில்லை. எங்கே தொடங்குகிறது, எங்கே போகிறது, எப்போது எரிகிறது, வீட்டில் எதனால் தனியாகப் படுக்கிறார் என்று எல்லாவற்றையும் சொன்னார். ரேடியோ முதல் தடவையாக வாயைத் திறக்கவில்லை. கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது.

"இருக்கியா தம்பி?"

"இருக்கேண்ணே. டாக்டர் இதுக்கு என்ன சொன்னாரு?"

"டாக்டர்கிட்ட சொல்லல."

"அண்ணிகிட்ட?"

"சொல்லல."

"என்கிட்ட மட்டும் சொன்னா எப்படிண்ணே? நான் என்ன, இந்த வாக்கி டாக்கியை வச்சா ஆபரேஷன் பண்றது?"

படுத்திருந்த இடத்திலேயே அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவருக்கே தெரியவில்லை. ரேடியோ சானலை மாற்றாமல் காத்திருந்தார். பிறகு, "மெதுவா இறங்குங்க. அவசரம் இல்ல. நான் ஏணிக்குக் கீழேயே நிக்கிறேன்" என்றார்.

மறுநாள் தனியாக முதுகெலும்பு டாக்டரைப் பார்க்கப் போனார். மாணவர்களை வெளியே அனுப்பச் சொல்லிக் கேட்டார். அன்றைக்குப் பொய் சொன்னதாகச் சொன்னார். டாக்டருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டார். கழிப்பறைக் கோப்பையில் உட்கார்ந்தால் வலிக்கிறதா? யோசித்துப் பார்த்தால் அங்கே மட்டும்தான் வலித்ததில்லை. வலி தூக்கத்தில் எழுப்புகிறதா? இல்லை. மரத்துப்போகிறதா? இல்லை, எரிகிறது.

"நல்லவேளை சொன்னீங்க. வட்டு அழுத்துறது கால் நரம்பை. நீங்க சொல்ற வலி இடுப்புக்குள்ள ஓடுற வேற ஒரு நரம்போடது மாதிரி தெரியுது. முதுகை நான் எவ்வளவு நல்லா ஆபரேஷன் பண்ணினாலும் இது போயிருக்காது. நீங்களும் ஏமாந்திருப்பீங்க, நானும் ஏமாந்திருப்பேன்."

தேதியை ரத்து செய்துவிட்டு, இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். வலிக்கென்றே இருக்கும் டாக்டர். பெண். அவர் அறையில் உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. "உங்களுக்கு எப்படி வசதியோ அப்படி இருங்க" என்றார் டாக்டர். மேலண்ணன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே சொல்லி முடித்தார். டாக்டர் மேஜையில் படுக்கவைத்துச் சோதித்துப் பார்த்தபோது, விரல் ஒரு இடத்தில் பட்டதும் மேலண்ணன் மேஜையை விட்டே எழும்பிவிட்டார். நரம்பு மரத்துப்போக அந்த இடத்தில் ஊசி போட்டார்கள். அந்த நரம்புதானா என்று அதில் தெரியும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் சிமெண்ட் பெஞ்சு ஒன்று இருந்தது. பயந்து பயந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். சாய்ந்தார். காலை நீட்டினார். அவருடைய பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்து போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "எந்த பஸ்ஸுக்குங்க காத்திருக்கீங்க?" என்று கேட்டார். "எந்த பஸ்ஸுக்கும் இல்லைங்க. சும்மா உக்காந்திருக்கேன்" என்றார். அந்த அம்மா பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். வெயில் சாயும் வரை மேலண்ணன் அங்கேயே இருந்தார். இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வீட்டுக்குப் போன் செய்யலாமென்று எடுத்தார். சொல்லவே சொல்லாத வலி போனதை எப்படிச் சொல்வது? போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீடு போய்ச் சேருவதற்குள் மருந்தின் வேகம் குறைந்து, கங்கு மறுபடி கண் விழித்தது.

மனைவி சமையலறை மேடையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் கதவருகில் நின்றபடி சொன்னார். வாக்கி டாக்கியில் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"நான் என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா?" அவள் குரல் உயரவில்லை. "எனக்கு வயசாயிடுச்சு, என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன். கண்ணாடி முன்னாடி நின்னு எங்கே குறைன்னு பாத்திருக்கேன். வேற யாராவது இருக்காங்களோன்னுகூட நினைச்சேன். அப்புறம் அந்த நினைப்புக்கே பழகிட்டேன்."

"சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இப்போ யார் யாருக்குத் தெரியும்?"

"டாக்டர்களுக்கு. அப்புறம்... ரேடியோவுக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ரேடியோவுக்குச் சொன்னீங்க. எனக்குச் சொல்லல." திரும்பவும் விடைத்தாளில் குனிந்துகொண்டாள். ஒரு பக்கத்தில் சரி போட்டாள். அடுத்த பக்கம் திருப்பவே இல்லை. அவர் அருகில் போய்த் தோளில் கை வைத்தார். அவள் தட்டிவிடவில்லை. சாய்ந்துகொள்ளவும் இல்லை.

அடுத்த சில மாதங்கள் பயிற்சியில் போயின. இடுப்பின் உள்தசைகளைத் தளர்த்தச் சொல்லிக்கொடுத்தார்கள். அத்தனை வருஷமாக வலிக்குப் பயந்து இறுக்கிப் பிடித்தே பழகிய தசைகள். நாற்காலியில் போட்டு உட்கார, நடுவில் துளை விட்ட சிறு மெத்தை ஒன்று கிடைத்தது. முதுகும் காலும் நன்றாகவே குறைந்தன. முதுகு ஆபரேஷன் தேவையில்லை என்று முடிவாயிற்று. இரண்டாவது வலி மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. ஊசி போட்டால் போகும், ஊசி தீர்ந்தால் வரும்.

ஒரு நாள் வலி டாக்டர் சொன்னார்: "நரம்பு மாட்டிக்கிட்டிருக்கிற இடத்தை விடுவிக்க ஒரு ஆபரேஷன் இருக்கு. ஆனா நான் ஆசை காட்ட மாட்டேன். சிலருக்கு நல்லாக் குறையுது. சிலருக்குப் பாதி. சிலருக்கு ஒண்ணும் மாறாது. வலி இன்னும் கூடினவங்களும் உண்டு. பலன் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம். பண்ணிக்காம, உக்கார்ற வேலையை விட்டுட்டு இப்படியே சமாளிக்கவும் செய்யலாம். ரெண்டுமே தப்பில்ல."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"எல்லாரும் இதைக் கேக்கிறாங்க. எனக்கு அந்த வலி இல்ல. அதனால என் பதிலுக்கு மதிப்பு இல்ல."

முதுகு ஆபரேஷனுக்கு ஒரே மூச்சில் சரி என்றவர், இதற்கு வாரக்கணக்கில் அல்லாடினார். மச்சானிடம் கேட்க முடியாது. வெல்டரிடம் கேட்க முடியாது. இந்த ஆபரேஷன் பண்ணிக்கொண்டு ஓடுகிற மாமா யாருக்கும் இல்லை. முன்பு ஊரே ஆலோசனை சொன்னபோது எரிச்சலாக இருந்தது. இப்போது ஒரு ஆலோசனைகூட இல்லாமல் வீட்டுக்கும் வேலைக்கும் நடந்தார். மனைவியிடம் கேட்டார்.

"பண்ணிக்கோங்கன்னு சொல்லி, சரியாகலைன்னா அது என்னாலன்னு ஆயிடும். வேணாம்னு சொன்னாலும் அப்படித்தான். அதை என் தலையில வைக்காதீங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எதுன்னாலும் ஆஸ்பத்திரிக்கு நான் வருவேன்" என்றாள்.

கடைசியில் அவர் முடிவு செய்தது பெரிய யோசனையால் அல்ல. சலூனில் முடிவெட்டப் போய், நின்றுகொண்டே வெட்ட முடியுமா என்று கேட்டார். நாவிதர் ஸ்டூல் ஒன்றை எடுத்துப்போட்டு அதன் மேல் ஏறி நின்று வெட்டினார். கண்ணாடியில் அந்தக் காட்சியைப் பார்த்துக் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வெளியே வந்ததும் டாக்டருக்குப் போன் செய்து, பண்ணிக்கொள்கிறேன் என்றார். சரியாகாமல் போனாலும் தாங்கிக்கொள்ளலாம், பண்ணிப்பார்க்காமல் இருந்ததைத் தாங்க முடியாது என்று அந்த நேரத்தில் தோன்றியது. அவ்வளவுதான்.

ஆபரேஷன் அறை வாசல் வரை மனைவி கூட வந்தாள். கதவு திறந்து, தள்ளுவண்டி உள்ளே போனபோது அவள் கை அவர் மணிக்கட்டிலிருந்து நழுவியது. உள்ளே எல்லாம் வெளிச்சமாகவும் குளிராகவும் இருந்தது. முகமூடி போட்ட ஒருவர் குனிந்து, "என்ன ஆபரேஷன்னு நீங்களே ஒருதடவை சொல்லுங்க" என்றார். தவறு நடக்காமலிருக்க எல்லோரிடமும் அப்படிக் கேட்பார்களாம். அவர் சொன்னார். அந்த இடத்துக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்த சொல் தடங்கலில்லாமல் வந்தது.

முதல் மாதங்கள் முன்பைவிட மோசம். தப்புச் செய்துவிட்டோம் என்று ஹால் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்த பகல்கள் ஏராளம். மனைவி பள்ளிக்கூடம் போய்விடுவாள். ரேடியோ ஒன்றிரண்டு தடவை வந்தார். நேருக்கு நேர் இருவருக்கும் பேச்சு வரவில்லை. வானிலையைச் சொல்லிவிட்டுப் போனார். வருஷம் திரும்புகிற சமயத்தில்தான், ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தது அவருக்கே உறைத்தது. வலி போகவில்லை. கங்கு சாம்பலுக்கடியில் போயிற்று, அவ்வளவுதான். கூண்டுக்குத் திரும்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது தரையில் சங்கிலிகளையும் கொக்கிகளையும் சோதிக்கும் வேலை. நின்று பார்க்கும் வேலைதான். யாரும் அவரை மேலண்ணன் என்று கூப்பிடுவதில்லை. வேறு பெயரும் வைக்கவில்லை.

சாயங்காலங்களில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். மனைவியும் உடன் வருகிறாள். பள்ளி மணிக்குள் போய்ச்சேரப் பழகிய நடை அவளுக்கு, வேகமாகப் போவாள்.

"கொஞ்சம் மெதுவாப் போயேன்" என்றார் ஒரு நாள்.

"இதை மட்டும் உடனே சொல்றீங்க" என்றாள் திரும்பிப் பார்க்காமலே. ஆனால் நடையைக் குறைத்தாள். பேக்கரி தாண்டி, தபால் நிலையம் தாண்டி, இருவரும் ஒரே வேகத்தில் நடந்து போனார்கள்.